கீறல் விழாத கோதுகள்

அத்தான் அந்த மூன்று வெற்றுக் கோதுகளையும் சாப்பாட்டு மேசையில் என் கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தபோது, அவை அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. முதல் நாள் சுட்டுப் பார்த்த தோட்டாக்கள் அவை. "பார் மச்சாள், ஒரு கீறல் இல்லை. கடையில வாங்கின மாதிரிக் கிடக்கு" என்றார். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளையின் முகம் அவருக்கு.

அத்தான் என் அக்காவின் கணவர். சுவிஸில் எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. யுத்தத்துக்குத் தப்பி அகதியாக வந்தவர், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஜெர்மன் மொழியில் படித்து வேட்டை உரிமத்துக்கான பரீட்சையில் தேறினார். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனிசன், இஞ்ச வந்து துவக்குக்குச் சோதினை எழுதுது" என்று அக்கா வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள். அவர் சிரித்துவிட்டுப் போவார். காட்டுக்குள் துப்பாக்கியோடு நடக்கும்போதுதான் துப்பாக்கிப் பயம் போகிறது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

நானோ இங்கே பிறந்தவள். ஆராவ் நகருக்குப் பக்கத்தில் தோட்டாக்களைச் சோதிக்கும் கூடமொன்றில் வேலை செய்கிறேன். தடித்த கொங்கிரீட் சுவருக்குப் பின்னால் இருந்து பொத்தானை அழுத்துவோம். குழலுக்குள் எழும் அழுத்தம் திரையில் மலைபோல ஏறி இறங்கும். இது நடந்த நேரத்தில்தான் உருக்கு அடியும் பித்தளை உடலும் கொண்ட புதுவகைத் தோட்டாக்கள் எங்களிடம் வரத் தொடங்கின. பித்தளை தாங்காத அழுத்தத்தை உருக்கு தாங்கும். அதனால் குழலைக் குட்டையாக்கலாம், நுனியில் ஒலி அடக்கியைப் பூட்டினாலும் பற்றைச் செடிகளில் இடிபடாது, பறக்கும் சன்னத்தின் வேகமும் குறையாது. வேட்டைக்காரருக்கு வேறென்ன வேண்டும்? நல்ல தோட்டாதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

ஆனால் பழைய பித்தளைக் கோதுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஊசி அடித்த இடம் தட்டையாகும், அடியில் மினுங்கும் தழும்பு விழும். வேட்டைக்காரர்கள் கோதைக் குனிந்து பார்த்துத்தான் தங்கள் துப்பாக்கியின் சுகத்தை அறிவார்கள். அத்தானும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். மேசையில் இருந்த கோதுகளின் அடியோ உருக்கு, உருக்கு எதையும் காட்டாது. கோது சுகமாக இருக்கும், வெடியின் தாக்கம் முழுவதும் துப்பாக்கிக்கு விழும்.

"எந்தத் துவக்கில சுட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"என்ர பழசுதான். எங்கட வேட்டைக் குழுவில ஒருத்தர் இந்தத் தோட்டாவுக்கெண்டு புதுக் குழல் போட்டுத் தந்தவர். நாளைக்கு விடியக் காட்டுக்குப் போறன்."

குழல்தான் புதிது. அதன் பின்னால் தோட்டாவை அடைத்து வெடியின் அடியைத் தாங்குகிற, கையால் கழற்றக்கூடிய உருக்குத் தண்டு, வேட்டைக்காரர் பூட்டு என்பது, அத்தான் சுவிஸ் வருவதற்கு முன்பே செய்தது. சுடும்போது அது அவருடைய வலது கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சுடாதேங்கோ என்று கெஞ்சினேன். "நீ சுவருக்குப் பின்னால இருந்து இருந்து பயந்து பழகிட்டாய்" என்றார். அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் பயந்துவிடுவாள் என்று நான் கதையை மாற்றினேன்.

துப்பாக்கியையும் கழற்றிய பூட்டையும் வேறுவேறு இடத்தில் பூட்டி வைப்பது இங்குள்ள பழக்கம். அந்த வீட்டில் பூட்டக்கூடிய இன்னொரு அலுமாரி சாமித்தட்டுக்குக் கீழே இருந்ததுதான். கற்பூரம், திரி, அவற்றுக்குப் பின்னால் துணியில் சுற்றிய பூட்டு, அது இல்லாமல் துப்பாக்கி சுடாது. பின்னேரம் அக்கா அலுமாரியின் திறப்பைத் தந்து விளக்கேற்றச் சொன்னாள். நான் விளக்கையும் ஏற்றினேன், பூட்டையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லென்ஸ்பூர்க்கில் ரயில் மாறும்போது அத்தானின் அழைப்பு வந்தது.

"என்ர பூட்டை எடுத்தனியோ?"

"ஓம் அத்தான்."

"உனக்கென்ன விசரோ?"

"ஓம், விசர்தான். நாளைக்குக் காட்டுக்குப் போகாதேங்கோ."

அழைப்பைத் துண்டித்துவிட்டார். இரவல் பூட்டு ஒன்று கிடைத்துவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்து அன்றிரவு முழுக்கச் செத்துப் பிழைத்தேன்.

காலையில் எங்கள் கூடத்தின் தலைவி, நாங்கள் செஃபின் என்று அழைக்கும் பெண், பூட்டில் சாயம் தடவித் துடைத்து புற ஊதா விளக்கின் கீழே பிடித்தார். பூட்டைக் குழலோடு பிணைக்கும் பற்களில் ஒன்றின் அடியில் தலைமயிர் அளவு விரிசலொன்று பச்சைக் கோடாக ஒளிர்ந்தது. இன்னும் எத்தனை வெடி தாங்கியிருக்கும் என்று கேட்டேன். நூறாக இருக்கலாம், அடுத்ததாகவும் இருக்கலாம், அது தெரியாததால்தான் நாம் சுவருக்குப் பின்னால் நிற்கிறோம் என்றார்.

அந்தக் கோட்டைக் கைபேசியில் படமெடுத்து மாலையில் அத்தானிடம் காட்டினேன். அவர் விரல்களால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அக்காட்டச் சொல்லாதை" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தோட்டாவுக்கென்றே செய்து சோதித்த துப்பாக்கி அவரிடம் இருக்கிறது. அவர் காட்டுக்குப் போகும் நாட்களில் என் கைபேசியை நான் கீழே வைப்பதில்லை. நான் பூட்டை எடுத்தது அக்காவுக்குத் தெரியும், விரிசலைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு யார் வந்தாலும், "என்ர தங்கச்சி சாமித்தட்டில களவெடுத்தவள், தெரியுமோ?" என்று தொடங்குவாள். எல்லாரும் சிரிப்பார்கள். அத்தானும் சிரிப்பார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை மெல்ல மேலே போய் வலது கண்ணுக்குக் கீழே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கும்.