பாகுக்காரரின் பத்து விரல்கள்

கடைப் பலகையில் அண்ணன் தம்பி இருவர் படமும் இருந்தது. ஆனால் அந்த நகரத்துக்கு மிட்டாய் ருசி காட்டியவர் அண்ணன்தான். தெருவே அவரைப் பாகுக்காரர் என்று கூப்பிட்டது. ஒரு பெட்டியும் ஒரு செம்புக் கொப்பரையுமாகக் கப்பலிறங்கியவர். "ரெண்டே வருஷம், உன்னையும் கூப்பிட்டுக்கிறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தார். அவளை வரவழைக்க மனு போடுவதும் அது திரும்பி வருவதுமாகப் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

தெர்மாமீட்டர் என்றால் அவருக்கு இளக்காரம். விரல்களைக் குளிர்ந்த நீரில் முக்கி, கொதிக்கும் பாகில் ஒரு கிள்ளு எடுத்து, மறுபடி நீரில் விடுவார். விரலிடையே அது உடையும் சத்தத்தில் பதம் சொல்லிவிடுவார். பிடிவாதம் பிடித்த மனிதர்! அந்தப் பிடிவாதத்தில்தான் கடை வளர்ந்தது என்பதையும் மறுக்க முடியாது.

கடைசியில் மனு தேறியது. அவர் பத்து விரல் ரேகையும் வைத்துவிட்டால் மனைவி வரலாம். குடியேற்ற அலுவலகத்தில் போய் வைத்தால், இயந்திரத்தில் ஒன்றுமே விழவில்லை. வெந்து வெந்து விரல்கள் மொழுமொழுவென்றாகியிருந்தன.

அலுவலகத்துப் பெண் இரக்கப்பட்டாள். "ரெண்டு மாசம் சூட்டுல கை வைக்காதீங்க, தோல் வளர்ந்துடும். அப்பவும் விழலேன்னா மனு ரத்துதான்."

கையுறையை மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். தம்பி கிளறினான். ரேகை மெல்லத் துளிர்த்தது. அடிக்கடி கையுறையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வார்.

"பார்த்துப் பார்த்தே தேய்ச்சிடுவீங்க போலிருக்கேண்ணே" என்று தம்பி சிரிப்பான்.

ரேகை வைக்க வேண்டிய நாளுக்கு முந்தின மதியம். அப்படித்தான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பரையில் பாகு பொங்கியது. ஆவியில் தெர்மாமீட்டர் மங்கி, எண் தெரியவில்லை.

"அண்ணே, பதம் வந்துடுச்சா?"

பழக்க தோஷத்தில் அவன் கேட்டான். பழக்க தோஷத்தில் இவர் கை போயிற்று. நீர், பாகு, நீர்.

"வந்துடுச்சு, இறக்கு" என்றார்.

அதன் பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்று விரல்களின் புதுத் தோல் பாகோடு உரிந்து வந்திருந்தது.

மறுநாள் மனு ரத்தாயிற்று. மனைவிக்குப் போன் செய்தார்.

"மிஷின் ரிப்பேராம். அடுத்த வருஷம்..."

"உங்க தம்பி நேத்தே சொல்லிட்டாரு" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கொடுமை. "கட்டி வெச்ச பெட்டியைப் பிரிச்சு அடுக்கிட்டேன். இனிமே மனு போடாதீங்க."

அவருக்குப் போனை வைக்கவும் மனமில்லை. அவளே கேட்டாள்.

"பதம் சரியா வந்துச்சா?"

"வந்துச்சு" என்றார்.