ஜூன் மாதத்து அப்பாக்கள்

பள்ளிக்கூட குமாஸ்தா வேலையில் பிள்ளைகளால் ஒரு தொந்தரவும் கிடையாது; ஜூன் மாதத்தில் அவர்களை அழைத்துக்கொண்டு வரும் அப்பாக்களைச் சமாளிப்பதுதான் உத்தியோகம்.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில் திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் எனக்கு அந்த உத்தியோகம். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். நான் இன்னும் இந்த ஊரில்தான் நடமாட வேண்டியிருக்கிறது. ஊரிலே ஒரே ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் அப்பா பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் ஜோலியைப் பார்க்கப் போய்விடுவார். திருச்சியில் அப்படியில்லை. மலைக்கோட்டையைச் சுற்றி எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்கும். அதனால் இருப்பதில் நல்லதைப் பொறுக்கி எடுக்கிற வியாதி எல்லாருக்கும் பிடித்துக்கொண்டது. நீங்களும் ஒரு ஜூன் மாதத்தில் குடையும் கையுமாக அலைந்தவராகத்தான் இருப்பீர்கள். கீழே வருகிறவர்களில் யாராவது உங்கள் ஜாடையில் இருந்தால் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிரம்பு பார்த்தவர்

மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருந்த ஒருவர் மகனை முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், சேர்க்க வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. "பிரம்பு எங்கேங்க இருக்கு, கொஞ்சம் காட்டுங்க" என்றார். டிரில் மாஸ்டரின் பிரம்பை எடுத்துக் கொடுத்தேன். நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கிறவர் அல்லவா, அதே கவனத்தோடு பிரம்பை வளைத்தார், காற்றில் ஒரு வீச்சு வீசினார், சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பையன் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டான். "இது போதாதுங்க. நான் காலையிலே பார்த்த பள்ளிக்கூடத்துலே எண்ணெயிலே ஊறப்போட்டு வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பையனைத் தேடிப் பிடித்து, எண்ணெய் போட்ட பள்ளிக்கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்.

மறு வருஷம் அதே ஜூன் மாதம், அதே மனிதர், அதே பையன். பையன் கொஞ்சம் உயர்ந்திருந்தான். முழங்கையில் ஒரு தழும்பு. அந்தப் பள்ளிக்கூடத்தில் அடி தாங்காமல் சுவர் ஏறிக் குதித்து, காவேரிப் பாலம், கொள்ளிடம் பாலம் இரண்டையும் தாண்டி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டானாம். ஒரு தடவை இல்லை, பல தடவை. எங்கள் ஹெட்மாஸ்டர் கும்பகோணத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவர் அறையிலிருந்து வெளியே வந்து, "இங்கே நாங்கள் அவ்வளவாக அடிப்பதில்லை. தைரியமாக விட்டுவிட்டுப் போங்கள்" என்றார். மில்காரர் அவரைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிரம்பு கிடக்கட்டும்ங்க. இங்கே மதில் என்ன உயரம்?"

சாம்பிள்

பெரிய கடை வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவருக்கு மகன் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று ஆசை. கணக்கு, சரித்திரம் இவற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை. கணக்கைக் கடையிலேயே கற்றுக்கொடுத்துவிடுவாராம். "உங்க பள்ளிக்கூடத்துலே இங்கிலீஷ் நல்லா வரும்னு சொல்றாங்க. எனக்கு சாம்பிள் பார்க்காம சரக்கு எடுத்துப் பழக்கமில்லே" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஐந்தாம் பாரத்துப் பையன் ஒருவன் தண்ணீர் குடிக்க வராந்தா வழியாகப் போனான். கூப்பிட்டு, "இவருக்கு இங்கிலீஷில் ஏதாவது பேசிக் காட்டுடா" என்றேன். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கைகளைக் கட்டிக்கொண்டான். "ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று ஆரம்பித்து, லீவு லெட்டர் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினான். கடைசியில் தன் பெயரையும் வகுப்பையும்கூட விடவில்லை. சொல்லி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே ஓடிப்போனான்.

ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு மகனை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "என்ன சொன்னான்னு எனக்கு விளங்கலே. அவனுக்கும் விளங்கலேன்னு தெரியுது. ஆனா எங்கேயும் நிறுத்தலே பாருங்க, வியாபாரத்துக்கு அது போதும்."

எந்தக் கலை?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு ஸ்வாமி வந்தார். பஞ்சகச்சம், நெற்றியில் பளிச்சென்று தென்கலை நாமம். கூட வந்த பிள்ளைக்கும் அதே நாமம், சின்ன அளவில். வைஷ்ணவர்களுக்குள் வடகலை, தென்கலை என்று இரண்டு பிரிவு இருப்பதும், நாமத்தின் கீழே பாதம் வைப்பதா வேண்டாமா என்று தொடங்குகிற விவகாரம் கோர்ட்டு வரைக்கும் போவதும் நம் ஜில்லாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் அது அன்று சமயத்தில் நினைவுக்கு வரவில்லை.

"கணக்கு யார் எடுக்கறா?" என்று கேட்டார்.

"நல்ல கெட்டிக்காரருங்க. பி.ஏ., எல்.டி."

"அது இருக்கட்டும். எந்தக் கலை?"

"கணக்குதாங்க எடுக்கிறார். விஞ்ஞானமும் கொஞ்சம் எடுப்பார்" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வடகலையா, தென்கலையான்னு கேட்டேன். குழந்தையோட நெத்தியைப் பார்த்துட்டு மார்க்கிலே கை வெச்சுடுவா. அடியேன் அனுபவப்பட்டவன்."

எனக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. எங்கள் கணக்கு வாத்தியார் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அந்தக் கோயிலில் மணி இருக்கும், பெருமாள் இருக்க மாட்டார். இதைச் சொன்னால் ஸ்வாமி எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். மறைப்பதிலும் பிரயோஜனமில்லை. சொல்லிவிட்டேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மேல்துண்டால் விசிறிக்கொண்டு, நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பேஷாப் போச்சு. வடகலையார் மட்டும் இருந்துடப்படாதேன்னுதான் பாலம் தாண்டறச்சேயே ரங்கநாதனை ஸேவிச்சுண்டு வந்தேன்."

சப் ஜட்ஜ் வீட்டுப் பிள்ளை

ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், சப் ஜட்ஜின் பிள்ளை அங்கே படித்ததுதான். வாத்தியார்கள் யார், பாஸ் பண்ணுகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சப் ஜட்ஜ் பையன் எந்த செக்ஷனுங்க? பக்கத்துலே இடம் கிடைக்குமா?" என்றார். சப் ஜட்ஜ் பையன் மூன்றாம் பாரம், இவர் மகன் இரண்டாம் பாரத்துக்கு வந்தவன் என்று எடுத்துச் சொன்னேன். அப்படியானால் மூன்றாம் பாரத்தில் போட்டுவிடுங்கள், வீட்டில் வாத்தியார் வைத்துக்கொள்கிறேன் என்றார். ஹெட்மாஸ்டர் மறுத்துவிட்டார். "பரவாயில்லை, விளையாடுகிற நேரத்தில் பழகிக்கொள்ளட்டும்" என்று அப்பாவே சமாதானப்பட்டுச் சேர்த்தார்.

அந்த வாரமே சப் ஜட்ஜ் வீட்டிலிருந்து மார்பில் டவாலிப் பட்டை போட்ட சேவகன் வந்து நின்றான். பையனுக்கு சர்டிபிகேட் வேண்டுமாம். வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார்களாம். என்ன குறை என்று கேட்டேன். சேவகன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயா பிள்ளை படிக்கிற இடம்னு தெரிஞ்சு குமாஸ்தா வீட்டுப் பிள்ளைங்கல்லாம் வந்து சேர்ந்துடறாங்களாம். அம்மாவுக்குப் பிடிக்கலே" என்றான். என் எதிரில் இதைச் சொல்கிறோமே என்று அவனுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் ரயில்வேக்காரர் பிள்ளையை அழைத்துப்போக வந்தபோது விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். மனிதர் வருத்தப்படுவார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, என் மேஜையருகே குனிந்து கேட்டார்: "எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறாங்கன்னு சொன்னாங்களா?"

உள்ளே

செம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த மாரிமுத்து என்பவர் மகனோடு வந்த அன்று வராந்தா பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. அவர் உட்காரவில்லை, படிக்குக் கீழே வெயிலில் நின்றார். சேரியில் இருந்த எலிமெண்டரி பள்ளிக்கூடத்தில் பையன்தான் முதல். முதல் பாரத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. கைத்துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"ஐயா, ஒண்ணு கேட்கலாமுங்களா?"

"கேளுங்க."

"பிள்ளையை உள்ளே உட்கார வைப்பீங்களா? போன இடத்துலே, வேணும்னா வராந்தாவுலே உட்கார்ந்து கேட்டுக்கிடட்டும்னு சொன்னாங்க."

உள்ளே போய் ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நம் பள்ளிக்கூடத்தில் உயரப்படிதானே உட்கார வைக்கிறோம்? பையன் எப்படி?" என்று கேட்டார். குள்ளம் என்றேன். "அப்படியானால் முதல் பெஞ்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

செய்தி ஊருக்குள் பரவ நேரமாகவில்லை. வக்கீல் ஒருவர் தலைமையில் சில அப்பாக்கள் வந்தார்கள். காந்தியிடம் எல்லாருக்கும் மரியாதை உண்டாம். குழந்தைகளின் ஆரோக்கியத்தைப் பற்றித்தான் கவலையாம். ஹெட்மாஸ்டர் ஒன்றும் விவாதிக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜூலை பிறந்துவிட்டபடியால் மற்ற பள்ளிக்கூடங்களில் இடம் நிரம்பியிருந்தது. சில நாளில் போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். ஒருவர் வேறிடம் ரொம்ப தூரம் என்றார், ஒருவர் அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வக்கீல் மட்டும் வரவில்லை. அவருக்குப் பதில் அவருடைய குமாஸ்தா வந்து பிள்ளையைச் சேர்த்தார். ஆனால் பள்ளிக்கூடத்தை நடத்திவந்த கமிட்டியில் இருந்த பெரிய மனிதர்கள் இதை மறக்கவில்லை. ஹெட்மாஸ்டருக்கு மறு வருஷம் வேலை நீடிக்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு கும்பகோணம் போனார். வழியனுப்ப ரயிலடிக்கு வந்த வாத்தியார்கள் கொஞ்சம் பேர்தான்.

அதற்கு முன்னால், அந்த வருஷத்து ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை. கேட்டுக்கு வெளியே ஒரு கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மாரிமுத்து நின்றிருந்தார். பிள்ளையை நிறுத்திவிட வந்துவிட்டாரோ, யாராவது மிரட்டினார்களோ என்று நினைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு போய், என்ன சமாசாரம் என்று கேட்டேன். அவர் முதல் பாரத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. மழை பெய்யுது. உள்ளேதான் இருக்கானான்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

நல்ல பள்ளிக்கூடம் எதுவென்று இன்றைக்கும் என்னை வழியில் நிறுத்திக் கேட்கிறார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும், அங்கே வேறு யார் யார் படிக்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய அடுத்த கேள்வியாக இருக்கிறது.