வாசல்காலில் ஒட்டிய பொட்டு

விடுதிக் கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சிவப்புப் பொட்டைப் பார்த்ததும், வில்பட்டி கேரட் தோட்டத்தோரம் முன்பு இருந்த, இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட தகர ஜெபக்கூடம் நினைவுக்கு வந்தது. பனியில் நடுங்கி வரும் பெண்கள் பொட்டை வாசல்காலில் ஒட்டிவிட்டு உள்ளே போவார்கள்; அழுகையும் கைத்தட்டலும் ஓய்ந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு விரைவார்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போவது அப்பாவுக்குத் தெரியாது. அவர் பழனிக்குக் காவடி எடுப்பவர்.

ஒரு ஞாயிறு அவசரத்தில் அம்மா வேறொருத்தியின் கறுப்புப் பொட்டை வைத்து வந்துவிட்டாள்.

"காலைல செவப்புல்ல வச்சிருந்த?" என்றார் அப்பா.

அம்மாவின் கை நெற்றிக்குப் போனது. அடுப்பில் குழம்பு தீய்ந்தது, யாரும் இறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, ஜெபம் முடிந்ததும் வாசல்காலிலிருந்து அம்மாவின் பொட்டைப் பிய்த்து நீட்டினேன்.

"அது அங்கனயே கெடக்கட்டும். வா," என்று வெறும் நெற்றியோடு வீட்டுப் பக்கம் நடந்தாள்.