விமானம் ஏறக் கூடாதவருக்கு வான்கூவர் வழி

நான் ஜெர்சி சிட்டியில் ஒரு டிராவல் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் பிழைப்பு விமான டிக்கெட். அதனால், விமானமே ஏறக் கூடாத ஒருவர் வந்து நின்றபோது எங்கள் ஓனருக்கு எரிச்சல் வந்தது நியாயம்தான்.

வந்தவர் யூசுப் அங்கிள். காதில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கொஞ்ச காலத்துக்கு விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளுக்குக் கனடாவின் மேற்குக் கோடியில், வான்கூவரில், முதல் பிரசவம், அடுத்த மாதம். கூட மனைவி நூர்ஜஹான் ஆன்ட்டி வந்திருந்தார்.

"ரோடு வழியா போற மாதிரி ஏதாச்சும் சீப்பா பாத்துக் குடும்மா" என்றார் அங்கிள்.

ஓனர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஃப்ளைட் டிக்கெட் விக்கிற எடத்துல ரோடு கேக்குறாரு. நம்மகிட்ட ரோடு இருக்கா?"

"பாக்குறேன் சார்."

பார்த்தேன். பஸ்ஸில் கனடாவைக் கடக்க வேண்டுமென்றால் பல கம்பெனிகள் மாற வேண்டும். நடுவில் ஏதோ ஓர் ஊரில் அடுத்த பஸ்ஸுக்காகத் தங்க வேண்டும். ரயிலில் படுக்கை விமானத்தைவிட விலை. வாடகைக் காரை ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் டிராப் சார்ஜ் தனி, அதற்கு வாடகையே தேவலாம். கடைசியில் அகப்பட்டது ரீலொகேஷன். சீசனுக்கு முன்னால் கேம்பர் வேன்களைக் கிழக்கிலிருந்து மேற்கே கொண்டுபோய்ச் சேர்க்க வாடகைக் கம்பெனிகளுக்கு ஆள் வேண்டும். ஓட்டிப்போய்க் கொடுத்தால் வாடகை பேருக்குத்தான். படுக்கை, அடுப்பு எல்லாம் வண்டிக்குள்ளேயே. பெட்ரோல் நம்முடையது, வேனைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய தேதி அவர்களுடையது. டொரண்டோ வரை பஸ்ஸில் போய் அங்கே வேனை எடுத்துக்கொள்ளலாம்.

அங்கிள் சந்தோஷமாக லைசென்ஸை நீட்டினார். ஓட்டுகிறவருக்கு வயது வரம்பு இருந்தது. அவர் அதைத் தாண்டியிருந்தார்.

"அப்ப முடியாதா?"

"நான் ஓட்டுறேன்" என்றார் ஆன்ட்டி.

"நீயா? அது பெரிய வண்டி."

"நம்ம டேகேர் புள்ளைங்கள ஏத்திட்டுப் போற வேன் என்ன தள்ளுவண்டியா? இத்தனை வருஷமா அத டிரைவ் பண்றது யாருங்க?"

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் ஆன்ட்டியின் லைசென்ஸை வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் டொரண்டோவில் வேனை எடுத்துக் கிளம்பினார்கள்; சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே பனிப்புயல் வந்து ஹைவேயை மூடிவிட்டார்கள். ஆன்ட்டி ஒரு மோட்டலிலிருந்து போன் செய்தார். "நாளைக்குத் தொறந்தாலும் தொறப்பாங்களாம்மா. வேன் குடுக்குற டேட் தாண்டிடும்போல." நான் வேன் கம்பெனியோடு பேசி, சாலை மூடிய அறிவிப்பை அனுப்பி, தேதியைத் தள்ளி வாங்கினேன்.

மறுபடி போன் வந்தபோது அவர்கள் நடுவழியில், சஸ்காட்செவனில் இருந்தார்கள்.

"புள்ள பொறந்துருச்சும்மா. பேத்தி. டாக்டர் சொன்ன டேட்டுக்கு முன்னாடியே வந்துட்டா. நாங்கதான் இன்னும் கோதுமை வயல்லயே இருக்கோம்."

நடந்ததை ஆன்ட்டி சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து மருமகன் கூப்பிட்டாராம். பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு, அந்தத் தொழுகை அழைப்பைச் சொல்ல வேண்டும், மாமா வந்து சொல்லட்டும், அதுவரை காத்திருக்கிறேன் என்றாராம்.

"இவரு கேக்கல. 'புள்ளய எதுக்குக் காக்க வைக்கிறீங்க? நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்'னுட்டாரு."

கேஸ் ஸ்டேஷன் ஓரமாக ஆன்ட்டி வண்டியை நிறுத்தியிருக்கிறார். அங்கிள் போனை ஆபரேஷன் ஆகாத காதில் வைத்துக்கொண்டாராம். மருமகன் நடுவில் ஓரிடத்தில் திணறினாராம். அங்கிள் திருத்தவில்லையாம். முடிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லையாம்.

"அழுதாரா ஆன்ட்டி?"

"காத்து ஜாஸ்தின்னாரு. வண்டிக் கண்ணாடி ஏத்தித்தான் இருந்துச்சு." பிறகு கேட்டார்: "வேன் டேட்டுக்கு இன்னும் நாள் இருக்குல்லம்மா? இனி மெதுவாவே போறோம்."

இருந்தது. வேனும் அவர்களும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு சீப்பான வழி கேட்டு யார் வந்தாலும், எத்தனை நாள் தாமதமானால் தாங்குவீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். பாதிப் பேர் அங்கேயே விமான டிக்கெட் எடுத்துவிட்டார்கள். ஓனருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று.