ஒத்தக் கண்ணும் ஒன்பது பச்சையும்

சேலைக்கு ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுக்கும் மேட்சிங் கடையில் ஒன்பது பச்சை இருக்கும். வருகிற அக்காவுக்கு வேண்டியது பத்தாவது பச்சையாக இருக்கும். கவுன்டரில் நின்றே கால் வீங்கிய என் சகாக்களே, உங்களுக்குச் சொல்லவா வேணும்! நானோ கேன்சர் கட்டிக்காக வலது கண்ணையே எடுத்துவிட்டு, செயற்கைக் கண்ணோடு பழங்காநத்தம் கடைக்குத் திரும்பியவன். "ஒரு மாசம் பாப்போம்ப்பா. தோதுப்படலன்னா குடோனுக்குப் போயிரு" என்றார் முதலாளி. குடோனா? பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் நான் செத்தே போவேன்!

கத்தரி

ஒத்தக் கண்ணுக்கு நிறம் நன்றாகவே தெரியும், தூரம்தான் ஏமாற்றும். முதல் நாளே துணி ஓரத்தில் வெட்டுப் போடப் போனால், கத்தரி மூன்று தரம் காற்றை வெட்டியது. அப்புறம் அளவுகோல் முனையில் கட்டைவிரலை வைத்து, அதைத் தடவிப் பார்த்து வெட்டினேன். எதிரே நின்ற திருமங்கலத்து அக்கா சொன்னார்: "பதறாதப்பா, துணி எங்கிட்டு ஓடிரப் போகுது?"

அசையாத கண்

செயற்கைக் கண் நேரே மட்டும்தான் பார்த்தபடி இருக்கும். இடப்பக்கம் நின்ற வில்லாபுரத்து அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கேட்டுக்கிட்டே இருக்கேன், நீ எதுத்தாப்புல நிக்கிறவுகளையே பாக்குறியே?"

விஷயத்தைச் சொன்னேன். ஆகா, இப்போது 'அய்யோ பாவம்' வரப்போகிறது என்று பயந்தேன். அந்த மகராசி சொன்னது இதுதான்: "அப்ப இந்தப் பக்கமாத் திரும்பி நில்லு. அரக்குல நல்லதா எடு."

வாசல் வெயில்

எங்கள் ஊரில் ட்யூப்லைட்டை யாரும் நம்ப மாட்டார்கள். சேலையையும் துணியையும் தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்தால்தான் திருப்தி. மாசக் கடைசியில் மயில்கழுத்துக் கலர் பட்டோடு ஒரு கல்யாண வீட்டு அம்மா வந்தார். முதலாளியே எழுந்து வந்து துணி எடுத்துக் கொடுத்தார். மூன்று முறை தெருவுக்குப் போன அம்மா, மூன்று முறையும் உதட்டைப் பிதுக்கியபடி திரும்பினார்.

நான் அடித்தட்டிலிருந்து ஒரு துணியை உருவி நீட்டினேன். இந்தத் தடவை வெளியே போனவர் சீக்கிரம் வரவில்லை. நான் மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாகச் சிரித்துக்கொண்டே வந்து, "அப்படியே ஒட்டிக்கிருச்சு! நாளைக்குச் சம்பந்தி வீட்டையும் கூட்டிட்டு வாரேன், இந்தத் தம்பி இருப்பாருல்ல?" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சொன்னார்: "இருப்பான்மா, அவன் இந்த இடத்த விட்டு எங்க போகப் போறான்?"

ஆக, குடோனுக்குப் போகாமல் இன்னும் கவுன்டரில்தான் நிற்கிறேன். அந்தப் பத்தாவது பச்சைதான் கிடைத்தபாடில்லை.