முகப்புப் பெயரும் உள்ளேயிருந்த பெயர்களும்

"களவெடுத்தவளத்தான் வேலையை விட்டுத் தொரத்துவாங்க."

பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரைப் பிடிக்க நின்ற ரெங்கம்மா இப்படிச் சொன்னபோது என் குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

"யாருடி தொரத்துனது? நீ பார்த்தியா?"

"தெமோதரைத் தோட்டம் முழுக்கப் பேசுது பெரியாயி."

"பேசுனவங்க யாரும் அன்னைக்கு அங்க இல்ல. நான் இருந்தேன்."

குடத்தை எடுக்காமல் அங்கேயே நின்றேன். என் பேத்தி சுபாஜினியைக் கள்ளி என்றவள் முதலில் கேட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கட்டும்.

பதுளையில் நிஷாந்த் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் சுபாஜினி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அங்கே படம் வரைகிற மென்பொருள் ஒன்று இருந்தது. வெளிநாட்டில் பலர் கூடி எழுதி, யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று விட்டிருந்தார்களாம். இப்படியும் மனிதர் உண்டா என்று நான் நம்பவேயில்லை. அவள் அதைத் தமிழாக்கி, தேயிலைக் கொழுந்துக் கூடையும் ரயில் பாலமும் வரைந்து சேர்த்து, தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தாள்.

திறந்ததும் முகப்பில் வரும், அதை எழுதியவர்களுடைய பெயரையும் சின்னத்தையும் மட்டும் தொடவில்லை. நம் மாரியம்மன் கோயிலில் ஒரு டியூப் லைட்டுக்குக்கூட உபயம் இன்னார் என்று சிவப்பில் எழுதித்தானே மாட்டுகிறோம்? அதை அழித்தால் சண்டை வராதா? அதைப் பார்த்து வளர்ந்த பெண், மரியாதை என்று நினைத்து அப்படியே விட்டுவைத்தாள்.

அதுதான் தப்பாம். எழுதியவர்களிடமிருந்து வந்த செய்தியை வாசித்துவிட்டுப் பிள்ளை சுவரில் சாய்ந்துவிட்டாள். மாற்றியதைத் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் எங்கள் பெயரிலும் சின்னத்திலும் கொடுக்காதீர்கள், நாங்கள் செய்தது என்று ஆட்கள் நம்பிவிடுவார்கள் என்றிருந்ததாம். கொடுத்தவர் பெயரைச் சொன்னதற்குக் கொடுத்தவரே கோபிப்பதை இந்த வயதில்தான் கேள்விப்படுகிறேன்.

"அவங்க சொல்றது நியாயம் அப்பாயி," என்றாள் அவள். "நான் வரைஞ்சது கோணலாப் போனா, திட்டு அவங்களுக்குல்ல விழும்?"

மன்னிப்புக் கேட்டு, 'கொழுந்து' என்று புதுப் பெயர் வைத்து, சின்னத்தையும் மாற்றினாள். விஷயம் அதோடு முடிந்தது என்றிருந்தேன்.

பிரஷருக்கு மருந்து எடுக்கப் பதுளைக்குப் போன நாள், அவளோடு திரும்பலாமென்று வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். நிஷாந்த் சிரித்துக்கொண்டே வந்தான்.

"பேரை எடுக்கச் சொன்னாங்கல்ல டீச்சர்? நல்லதாப் போச்சு. உள்ள எழுதுனவங்க பேரெல்லாம் இருக்கே, அதையும் அழிச்சிருங்க. மொத்தமும் நம்ம வகுப்பு செஞ்சதுன்னு போடுவோம்."

சுபாஜினி கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பினாள்.

"அது ஏலாது சார். முகப்புலதான் அவங்க பேரு கூடாது. உள்ள எழுதுனவங்க பேரும், அவங்க போட்ட நிபந்தனையும் அப்படியே இருக்கணும். இருந்தாத்தான் நம்ம குடுக்கலாம்."

"யாரு தொறந்து பார்க்கப் போறா?"

"நான் பார்த்தேனே சார்."

"ஒங்களுக்கு ஏலாட்டி வேற ஆளை வச்சு அழிக்கிறேன். நீங்க பேசாம பாடத்தப் பாருங்க."

பார்த்தாயா ரெங்கம்மா, துரத்தவில்லை. இருக்கத்தான் சொன்னான். எங்கள் லயத்து வீட்டுக்கு மாதச் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான். நானே, "உட்காருடி, அவசரப்படாத," என்றேன்.

சுபாஜினி வகுப்புச் சாவியை மேசையில் வைத்தாள்.

"எந்திரிங்க அப்பாயி, பஸ் போயிரும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். மருந்துப் பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு நான் பின்னால் ஓடினேன்.