எழுதாத பின்பக்கம்

கிளேட்டனில் இருக்கும் அன்ரியின் வீட்டு வாசல்வரை போய், மணியை அடிக்காமலே திரும்பி நடந்துகொண்டிருந்தேன். கண் முழுக்க நிலத்தில். நடைபாதை, புல், ரயில் கடவை, ஸ்டேஷனில் ஆட்கள் இருக்கும் வாங்குகளின் அடி எல்லாம் பார்த்தாயிற்று. நான் தேடியது, கொப்பியில் கிழித்து எழுதிய ஒரு கடிதத் தாள். எனக்குப் பதினொரு வயது. வெள்ளிக்கிழமை பகல், பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய நேரம். அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் நான் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்கள்தான் அதிகம் என்பதால் யாரும் என்னைத் தேடியிருக்க மாட்டார்கள்.

அம்மாவின் தம்பி ஊரில் சத்திரசிகிச்சை வைத்தியர். சண்டை இறுகிய காலத்தில் ஒரு வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, காயப்பட்டு வரும் பொடியன்களை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கடிதங்கள் கை மாறிக் கை மாறி, கடைசியில் கொழும்பிலிருந்து பறந்து வரும் யாராவது ஒருவரின் பெட்டியில், உடுப்புகளுக்கு நடுவே, கடல் கடந்து நாங்கள் இருந்த டண்டினொங்குக்கு வந்து சேரும். தன் கடிதத்தோடு காயப்பட்டவர்களின் கடிதங்களையும் வைத்திருப்பார். அவற்றை உரிய வீடுகளில் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. அம்மாவுக்கு இரண்டு இடத்தில் துப்புரவு வேலை. ஆகவே அது என் பொறுப்பு.

மாமாவின் கடிதங்களை அம்மா குசினியில் நின்றபடியே சத்தமாக வாசிப்பார். அந்தமுறை வந்ததில் ஓரிடம் எனக்கு மனப்பாடம். "மயக்க மருந்து முடிஞ்சுது அக்கா. கால் வெட்டேக்கை பொடியளை வீட்டுக்குக் கடிதம் சொல்லச் சொல்லுறன். நேர்ஸ் பிள்ளை பக்கத்தில நிண்டு எழுதும். கதை கேக்குமட்டும் ஆள் உயிரோட இருக்கிறான் எண்டு எனக்குத் தெரியும்." அம்மா அதற்குமேல் வாசிக்காமல் அடுப்பை அணைத்தார். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. காலை வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவன் கடிதம் சொல்வதா! எனக்கு ஊசி போடவே இரண்டு பேர் பிடிக்கவேண்டும். மாமாவையும் அந்தப் பொடியன்களையும் சாதாரண மனிதர்களோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படிச் சொல்லப்பட்ட ஒன்றுதான் அன்று என் கையில் இருந்தது. அன்ரியின் ஒரே மகன் சொன்னது. உறை இல்லை, நாலாக மடித்த கொப்பித் தாள். ரயிலில் பிரித்து வாசித்தேன். வாசிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே குளிரென்றால் காலுக்கு இரண்டு மேஸ் போடுங்கோ என்று இருந்தது. சோறு இருக்கிறது, யோசிக்க வேண்டாம் என்று இருந்தது. சைக்கிள் சித்தப்பா வீட்டில் நிற்கிறது, பின்சில்லில் காற்று நிற்காது, அவர் அதைத் தொடவேண்டாம், நானே வந்து... அதோடு தாளின் அடி வந்துவிட்டது.

இரண்டாம் தாள் இல்லை. அன்ரியின் வாசலில் மறுபடி விரித்துப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. மடியிலிருந்து வழுகியிருக்க வேண்டும். ஒரு தாய் மாதக்கணக்காகக் காத்திருந்த கடிதத்தில் பாதியைத் துலைத்துவிட்டேன்.

இரண்டு மணித்தியாலம் தேடினேன். பிறகு பசித்தது. போய் மணியை அடித்தேன்.

அன்ரி சலாட் பொதி செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தவர். வேலையில் தலைமுடிக்குப் போடும் வலை அழுத்திய கோடு நெற்றியில் இருந்தது. "பள்ளிக்கூடம் இண்டைக்கும் லீவோ, துரை?" என்றார். அதற்குள் என் கையில் இருந்த தாளைக் கண்டுவிட்டார்.

நின்றபடியே வாசித்தார். முடிவில் என்னைப் பார்த்தார்.

"மற்றத் தாளைத் துலைச்சுப்போட்டன் அன்ரி" என்றேன். அழுகை வந்தது. சமாளிக்க, எனக்குத் தெரிந்த பெரிய விஷயத்தை எடுத்துக் கொடுத்தேன். "ஆனா இது தன்ர காலை வெட்டேக்கை அண்ணை சொல்ல நேர்ஸ் பிள்ளை எழுதினது! மயக்க மருந்தும் இல்லையாம். கதை கேக்குமட்டும் ஆள் உயிரோட இருக்கிறான் எண்டு தனக்குத் தெரியும் எண்டு மாமா எழுதினவர்."

அன்ரி கதிரையில் போய் இருந்தார். தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதைப் பெருவிரலால் மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார்.

"நீ ஒண்டையும் துலைக்கேல்லை அப்பன்" என்றார். "பேப்பருக்குத் தட்டுப்பாடான இடம். சொல்ல இன்னும் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பின்பக்கத்தில எழுதியிருக்கும்."

எனக்கு அவ்வளவு நிம்மதி. அவர் எழுந்து புட்டைச் சூடாக்கி மீன்குழம்போடு வைத்தார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவர் சாப்பிடவில்லை, இரவு வேலைக்காரருக்குப் பகலில் பசிக்காதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புறப்படும்போது, "நாளைக்குக் காலமை வாறியே? ஒரு வேலை இருக்கு" என்றார்.

அன்ரியின் மகனிடமிருந்து பிறகு கடிதம் வரவில்லை. சில மாதத்தில் மாமாவின் கடிதங்களும் நின்றன.

அதற்குப் பிறகு எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். மில்டூராவில் திராட்சை பறித்தேன், கோழி ஆலையில் நின்றேன், சந்தைக்கு மூட்டை ஏற்றினேன். ஒன்றிலும் ஒரு வருடம் தங்கவில்லை. எல்லாவற்றுக்கும் முதல் வேலை அந்தச் சனிக்கிழமை காலை அன்ரி வீட்டில் எடுத்ததுதான். அன்ரி மகனுக்குப் பதில் சொல்வார், நான் எழுதவேண்டும். அவருடைய எழுத்து அச்சுப் போல இருக்கும். என் எழுத்தை எனக்கே வாசிக்க முடியாது. என்னை ஏன் பிடித்தார் என்று தெரியவில்லை.

கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, நிறுத்தாமல் சொன்னார். மேஸ் போடுகிறேன் என்றார். சைக்கிளைச் சித்தப்பா தொடமாட்டார் என்றார். தாள் நிறைந்ததும் நான் இன்னொன்றுக்குக் கை நீட்டினேன். மேசையில் புதுக் கொப்பி முழுதாகக் கிடந்தது.

"புதுத்தாள் வேண்டாம் தம்பி" என்றார் அன்ரி. "பின்பக்கத்தில எழுது. சொல்ல இன்னும் இருக்கு."

கை நோகத்தான் செய்தது. திருப்பிப் போட்டு எழுதினேன்.